முகவரி எழுதிய பத்து உறைகள்

விடுதி,
21.09.2024

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் மேர்வின் மாமாவும் மாமியும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். முழங்கால் நோ எப்படி?

இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்து வாசியுங்கள். முடியும்வரை மாமாவைக் கூப்பிட வேண்டாம்.

நான் டிலுக்சனை விட்டு வந்து இன்றைக்கு ஒன்பது நாள். அவர் உங்களிடம் வந்து என்ன சொன்னாரோ தெரியாது. நான் யாரோடும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தேன் அல்லவா, அந்த ஆஸ்பத்திரியில் ஹெலன் என்று ஒரு தாதி இருக்கிறா. அவவுடைய தாய் தகப்பன் லண்டனுக்கு வெகுதூரத்தில், மலைப்பக்கத்தில் ஒரு விடுதி நடத்துகிறார்கள். ஹெலன்தான் என்னைத் தன் காரில் இங்கே கொண்டுவந்து விட்டவ.

எட்டு அறை உள்ள கல் வீடு. தாய் பெயர் மார்கரெட், தகப்பன் ஜோன். ஜோனின் பாட்டன் காலத்திலிருந்து இதே குடும்பம்தான். எனக்கு நாலாம் அறை. காலையில் முட்டையும் காளானும் பாணும் தட்டில் வைத்துக் கதவடியில் தட்டுவா மார்கரெட். மேசையில் ஒரு அட்டை இருக்கிறது, வந்து தங்குகிறவர்கள் நடக்கக்கூடிய மூன்று நடைகள் அதில் எழுதியிருக்கிறது. முதலாவது அருவிக்கு. இரண்டாவது இடிந்த மடத்துக்கு. மூன்றாவது குன்றின் மேலுள்ள ஒரு கிணற்றுக்கு. நான் இன்னும் வாசல் தாண்டவில்லை.

என் போனை ஆஸ்பத்திரியிலேயே எறிந்துவிட்டேன். நான் எங்கே போகிறேன் என்று அதில் அவர் பார்த்துக்கொண்டிருந்தவர். உங்கள் போனையும் அவர்தான் வாங்கித் திருத்தித் தந்தவர், அதில் என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு இங்கிலீசில் முகவரி எழுத வராது என்பதால் மார்கரெட்டின் பெயரில் பத்து உறைகள் எழுதி முத்திரையும் ஒட்டி அனுப்புகிறேன். கடிதத்தை உள்ளே வைத்துப் பெட்டியில் போட்டால் போதும்.

உறையில் இருக்கும் ஊர்ப்பெயர் யாருக்கும் தெரியக்கூடாது அம்மம்மா. அவர் அறிந்தால் வருவார். வந்தால் உங்களுக்கு என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வராது.

உங்கள் கைகளை முத்தி செய்யும்
ஷெறோன்

*

இயேசு மரி சூசை துணை

மிச்சம், லண்டன்
27.09.2024

அன்புள்ள பிள்ளை ஷெறோனுக்கு,

நாங்கள் எல்லோரும் தேவ கிருபையால் சுகம். முழங்கால் அப்படியேதான். படியேற ஒரு மாதாவும் இறங்க ஒரு மாதாவும் வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மாமாவுக்குக் காட்டவில்லை. ஆனால் நீ செய்தது சரி என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே.

இது நான் பேசிச் செய்த கலியாணம். இந்த மிச்சம் ஊரில் எத்தனை பேர் டிலுக்சனுக்குப் பெண் கொடுக்க அவன் தாய் கத்தரினின் வீட்டு வாசலில் நின்றார்கள் தெரியுமா? என் பேத்தியைத்தான் கொடுப்பேன் என்று நின்று, மன்னாரிலிருந்து உன்னை எடுப்பித்தேன். கோயிலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் தங்கமான பிள்ளை. பூசை முடிந்து வந்தால் குனிந்து என் செருப்பை எடுத்து வைப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்து என் காலடியில் இருந்து அழுதான். "அம்மம்மா, நான் என்ன பிழை விட்டனான் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றான். மாமாவும் "குடும்பம் எண்டால் சண்டை வரும்தானே, வரச் சொல்லுங்கோ" என்கிறார். சண்டை இல்லாத வீடு எது? உன் அம்மப்பாவும் நானும் போடாத சண்டையா?

கோபம் ஆறினதும் வா. கத்தரினோடு நான் கதைக்கிறேன். என் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. விசாவும் அவன் பெயரில்தானே நிற்கிறது, குரோய்டன் குடிவரவுக்காரர் கேட்டால் என்ன சொல்வாய்?

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

மாதா உன்னைக் காப்பாளாக.

அன்புடன் அம்மம்மா
றஜீனா

*

விடுதி,
03.11.2024

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் விரும்புகிறேன். மறுமொழி பிந்தியதற்கு மன்னியுங்கள். ஐந்து கிழமையாக எழுத இருந்து, எழுதி எழுதிக் கிழித்தேன்.

இப்போது சமையலறையில் மார்கரெட்டுக்கு உதவி செய்கிறேன். என் பருப்பை "சூப்" என்று பெயர் வைத்துப் பலகையில் எழுதிவிட்டா. நடந்து களைத்து வருகிறவர்கள் இரண்டாம் தரமும் கேட்கிறார்கள். அருவி வரைக்கும் ஒருநாள் போய்வந்தேன், ஜோனின் நாயோடு. தண்ணீர் விழும் சத்தத்தில் பின்னால் யாரும் வந்தால் கேட்காது என்பதால் அங்கே கனநேரம் நிற்கவில்லை.

விடுதிக்கு முன்னால் நிலத்துக்குச் சல்லிக்கல் போட்டிருக்கிறது. ஒவ்வொரு காரும் வரும்போது அது நறநறக்கும். வெள்ளிக்கிழமைகளில் லண்டனிலிருந்து நிறையக் கார் வரும். நான் வெங்காயத்தை வைத்துவிட்டு மேல் ஜன்னலுக்கு ஓடி யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவேன். வெள்ளிக்கிழமைகளில் வெங்காயம் உரிப்பதை மார்கரெட் தானே எடுத்துக்கொண்டா.

இடது காது முந்தியைவிடப் பரவாயில்லை. டாக்டர் இன்னொரு தரம் வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்கு மறுமொழி, இப்போது வரமாட்டேன் என்பதுதான். விசா விசயமாக, ஹெலன் பிடித்துத் தந்த சட்டத்தரணி குரோய்டனுக்கு எழுதுவா.

மழைக்குள் வெளியே போகாதீர்கள்.

உங்கள்
ஷெறோன்

*

இயேசு மரி சூசை துணை

மிச்சம்
09.11.2024

என் அன்புப் பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை எழுது. எல்லாவற்றையும் எழுது.

காதுக்கு என்ன?

அதை வாசித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது தெரியாமல் நின்றேன். போன உயிர்த்த ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்தாய். நான் உனக்கு இடப்பக்கம் இருந்து கதைக்க, எழும்பி வந்து மற்றப்பக்கம் இருந்தாய். நான் "என்ன, என்னில வெங்காயம் மணக்குதோ?" என்று பகிடி விட்டேன். நீயும் சிரித்தாய். டிலுக்சனும் சிரித்தான். நல்லாகச் சிரித்தான். பெருநாளன்று முக்காட்டை நீ சாப்பாட்டு மேசையிலும் எடுக்கவில்லை. பக்தி என்று நான் கத்தரினுக்குப் பெருமை சொன்னேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. அவன் தங்கம் என்று நாள்தோறும் வாய் நிறையச் சொன்ன கிழவியிடம் நீ எப்படிச் சொல்வாய்?

வரவேண்டாம். நான் முன்பு எழுதியதைக் கிழித்துவிடு.

மரக்கறித் தூளும் வறுத்த மிளகாய்த் தூளும் வேறு பொதியாக அனுப்ப வழியில்லை, உன் உறைகள் சின்னன். இதனோடு ஒரு பொட்டலம் மட்டும் மடித்து வைத்திருக்கிறேன், சிந்தும், கவனம்.

ஊர்ப்பெயர் என் வாயிலிருந்து வராது. இது மாதா மேல் ஆணை.

அம்மம்மா

*

விடுதி,
14.12.2024

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நல்ல சுகம். நத்தார் வாழ்த்துகள். மாமா மாமிக்கும் மனதுக்குள் சொல்லிவிடுங்கள்.

பொட்டலம் வந்தது. கடித உறையைத் திறந்ததும் மார்கரெட் தும்மினா, நாய் தும்மியது, நான் அழுதேன். தூளால்தான்.

அம்மம்மா, போன கிழமை மூன்றாவது நடையும் போய்வந்தேன். இடிந்த மடத்தைத் தாண்டி மேலே ஏறினால் பாறைக்குள் ஒரு ஊற்று. மூன்று கன்னியர் கிணறு என்று பெயர். அந்தக் காலத்தில் மூன்று சகோதரிகள் ஒரு கொடியவனுக்குத் தப்பி ஓடி அங்கே ஒளித்திருந்தார்களாம். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் செபிக்கப் பாறை வெடித்ததாம். பக்கத்து மரத்தில் சனங்கள் துணித்துண்டு கட்டியிருக்கிறார்கள், எங்கள் ஆட்களைப் போலவே. நானும் கட்டினேன். உங்கள் முழங்காலுக்கென்று ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் எடுத்து இதனோடு அனுப்புகிறேன்.

திரும்பி வரும்போது விடுதி வாசலில் எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம் நின்றது. தகப்பன் பிள்ளையிடம் "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா" என்று சொன்ன சத்தம் கேட்டதும் வாசலிலிருந்து திரும்பிவிட்டேன். பின்பக்கத்தால் போய் உருளைக்கிழங்கு அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டேன். அவர்கள் மதியச் சாப்பாடு முடித்துப் போகும்வரை இரண்டு மணித்தியாலம். அவர்கள் யாரோ, பாவம், என் பருப்பைக் குடித்து நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

உங்கள்
ஷெறோன்

*

இயேசு மரி சூசை துணை

மிச்சம்
26.01.2025

என் அன்புப் பிள்ளை ஷெறோனுக்கு,

தேவ கிருபையால் சுகம், சும்மா சுகம் இல்லை, பெரிய சுகம்! உன் சுகத்துக்கு நாளாந்தம் செபமாலை சொல்கிறேன்.

கேள் பிள்ளை. உன் தண்ணீரை ஒன்பது நாள், ஒவ்வொரு நாளும் நவநாள் செபம் சொல்லி, முழங்காலில் தடவினேன். பத்தாம் நாள் கோப்பித் தண்ணீர் வைக்கக் கீழே வந்தவள், மேலே கண்ணாடியை விட்டதை நினைத்துத் திரும்ப ஏறினேன். பாதிப் படியில்தான் எனக்கு விளங்கியது, நான் கம்பியைப் பிடிக்கவில்லை! உன் மாமி சாட்சி. "மாமி, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கத்தினாள்.

டாக்டர் தந்த குளிசையால் மாறாதது, என் பேத்தி அனுப்பின தண்ணீரால் மாறியது. இதை நான் யாருக்கும் சொல்ல முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டு திரிவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நேர்த்தி ஒன்று வைத்திருந்தேன், அதை நிறைவேற்ற வேண்டும். நீ யோசிக்காதே, ஊர்ப்பெயர் வராது என்று சத்தியம் செய்தவள் நான். லூர்து மாதா திருநாளுக்கு முன் முடித்துவிடுவேன்.

சட்டத்தரணி குரோய்டனுக்கு எழுதினது என்ன ஆயிற்று? காது?

அம்மம்மா

*

விடுதி,
04.02.2025

அம்மம்மா,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். அவசரமாக எழுதுகிறேன்.

என்ன நேர்த்தி? தயவு செய்து ஒன்றும் செய்ய வேண்டாம். கோயிலில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். கடிதம் கிடைத்ததும் எழுதுங்கள்.

ஷெறோன்

*

இயேசு மரி சூசை துணை

மிச்சம்
13.02.2025, வியாழக்கிழமை

பிள்ளை ஷெறோன்,

நான் சுகம் கேட்டு எழுதும் நிலையில் இல்லை. இது கிடைக்க முன்பே ஹெலன் உனக்குச் சொல்லியிருப்பா. ஆனாலும் நான் செய்ததை நானே என் கையால் எழுத வேண்டும்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முதல்நாளே தமிழ்ப் பூசைத் தாள் அச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில், நன்றியறிதல் பகுதியில், நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது: "என் பேத்தி அனுப்பிய மூன்று கன்னியர் கிணற்றுத் தீர்த்தத்தால் என் முழங்கால் வருத்தம் தீர்ந்தமைக்கு அக்கன்னியருக்கு நன்றி. றஜீனா, மிச்சம்."

அற்புதம் கிடைத்தால் அச்சில் போடுவேன் என்று நேர்ந்தால் போடத்தானே வேண்டும்? ஊர்ப்பெயரை நான் போடவில்லை. உன் பெயரையும் போடவில்லை. ஆனால் யாருக்கு நன்றி என்று சொல்லாமல் எப்படி நன்றி சொல்வது? அதுதான் கிணற்றின் பெயரைப் போட்டேன். கிணற்றின் பெயரைப் போனில் அடித்தால் ஊர் வரும் என்று எனக்குத் தெரியாது பிள்ளை. சத்தியமாகத் தெரியாது. "என் பேத்தி" என்று போட்டது மட்டும் நேர்த்திக்கு இல்லை, என் பெருமைக்கு. அது தெரிந்து செய்தது.

நேற்று மத்தியானம் மாமாவும் மாமியும் வேலையில். டிலுக்சன் வந்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என் கையை முத்தி செய்துவிட்டு, கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தான். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

"அம்மம்மா, முழங்கால் நல்லா வந்திட்டுதாம்?"

"ஓம் தம்பி."

"எனக்கு நல்ல சந்தோசம். உங்கடை எந்தப் பேத்தி தண்ணி அனுப்பினவ?"

எனக்கு ஒரு பேத்திதான் என்று அவனுக்குத் தெரியும். நான் மாமியின் தங்கை பிள்ளை என்று எதையோ சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டான்.

"அந்தக் கிணத்தடியில ரெண்டு மூண்டு விடுதி இருக்குதாம். நல்ல நடைபாதையளாம். படம் எல்லாம் பாத்தனான். சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. ஒருக்காப் போய் நானும் தீர்த்தம் எடுத்துக்கொண்டு வரப்போறன்."

சொல்லிக்கொண்டே என் செபப் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்து நெற்றியில் வைத்து முத்தி செய்தான். அதற்குள்தான் பிள்ளை, உன் உறைகள் மீதி ஏழும். வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தது. அவனுடைய பெருவிரல் அதன் மேல்தான் இருந்தது.

"தா தம்பி, கண்ணாடித் துணி அதுக்குள்ள" என்று கையை நீட்டினேன். தந்தான்.

போகும்போது கதவடியில் நின்று, குரலைச் சற்றும் உயர்த்தாமல், "அவவுக்கு நான் இல்லாமல் ஏலாது அம்மம்மா. எனக்கும் ஏலாது. ரெண்டு பேருக்கும் ஒரேயடியா ஒரு முடிவு வரவேணும்தானே" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். போன உயிர்த்த ஞாயிறன்று சிரித்த அதே சிரிப்பு.

என் போன் அவன் திருத்தின போன். மாமாவிடம் சொன்னால் நல்ல காரியம் என்று தானே கூட்டிக்கொண்டு போவார். ஆகவே இன்று காலையில் டிராமும் பஸ்ஸும் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹெலன் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. ஹெலனைக் கண்டதும் உன் உறை ஒன்றைக் காட்டி, அவவுடைய தாயின் முகவரியில் விரலை வைத்து, "டிலுக்சன், சட்டர்டே" என்றேன். அவ உடனே தாய்க்குப் போன் அடித்தா.

கதவைப் பூட்டிக்கொள். நான் இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது.

அம்மம்மா

*

இயேசு மரி சூசை துணை

மிச்சம்
15.02.2025, சனிக்கிழமை

பிள்ளை,

நீ உயிரோடும் சுகத்தோடும் இதை வாசிக்க வேண்டும் என்று மட்டும் மன்றாடுகிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, செபமாலைக் கூட்டம் கத்தரின் வீட்டு முறை. மாலை ஆறு மணிக்குப் போனேன். பெண்கள் பதினாறு பதினேழு பேர். செபம் முடிந்து டிலுக்சன்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். எல்லோரும் என் முழங்காலைத்தான் விசாரித்தார்கள். ஒருத்தி தனக்கும் ஒரு போத்தல் எடுப்பித்துத் தரச் சொன்னாள்.

நான் கையைக் கும்பிட்டபடி எழும்பி நின்றேன்.

"நான் ஒண்டு சொல்லவேணும். அந்தத் தாளில போட்டது பொய்."

தேத்தண்ணிக் கரண்டிச் சத்தம் நின்றது.

"என்ரை பேத்தி எனக்குத் தண்ணியும் அனுப்பேல்லை, ஒரு கடிதமும் போடேல்லை. போன நாளிலயிருந்து உயிரோடை இருக்கிறாளோ எண்டும் எனக்குத் தெரியாது. உங்கடை பேரப்பிள்ளையள் எல்லாம் போன் எடுக்கினம், வருகினம், போகினம். எனக்கு ஒருத்தருமில்லை எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. டாக்டரிட்டைப் போன இடத்தில சுற்றுலாப் புத்தகம் ஒண்டு கிடந்தது. அதில அந்தக் கிணத்தின்ரை படம். மருமகளைக் கொண்டு பேரை வாசிப்பிச்சு எழுதிக் குடுத்தனான். தண்ணி எங்கடை குழாய்த் தண்ணி. முழங்கால் குளிசையில மாறினது."

இல்லை என்று யாராவது ஒருத்தி சொல்வாள் என்று நினைத்தேன் பிள்ளை. றஜீனா அக்கா பொய் சொல்ல மாட்டா என்று ஒருத்தியாவது. ஒருத்தியும் சொல்லவில்லை. எல்லோரும் உடனே நம்பினார்கள்.

கத்தரின்தான் முதலில் வாய் திறந்தாள். "நான் அப்பவே நினைச்சனான். அக்காவின்ரை வாய்தானே! அதுக்காக மாதாவின்ரை பேரிலயும் புளுகுறதே? அச்சிலயும் போட்டு!" பின்னால் யாரோ சிரித்தார்கள். கும்பிட்ட கையை நான் இறக்கவில்லை. தண்ணீர் கேட்டவள் தன் கதிரையைத் தள்ளிப் போட்டாள்.

டிலுக்சன் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அம்மம்மாவை நான் கொண்டுபோய் விடுறன்" என்றான்.

மறுத்தால் சந்தேகம் வரும் என்று ஏறினேன். எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போனான். நோர்பரிப் பக்கம் வரை போனான். என் செபமாலை மணிகள் ஒன்றும் என் விரலுக்குப் பிடிபடவில்லை. ஓரிடத்தில் நிறுத்தி என் பக்கம் திரும்பி, "மெய்யா ஒரு கடிதமும் போடேல்லையோ?" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். "அவள் ஏன் எனக்குப் போடப்போறாள்? உன்னைக் கட்டிவைச்சவள் நான்தானே!" என்று கத்தினேன். அது மட்டும்தான் நேற்று நான் சொன்ன உண்மை.

அவன் சிரித்துவிட்டு, "நீங்களும் சரியான ஆள்தான் அம்மம்மா" என்று காரைத் திருப்பினான். வீட்டு வாசலில் கதவைத் திறந்துவிட்டு, என் செருப்பையும் எடுத்து வைத்தான்.

நம்பினானா? எனக்குத் தெரியவில்லை.

இன்று காலையில் பாண் வாங்கப் போகிறேன் என்று அவன் தெருவுக்கு நடந்து போனேன். ஏழரை மணி. வீட்டு முன்னால் அவனுடைய கார் இல்லை.

இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறேன். மாதாவே.

அம்மம்மா

*

விடுதி,
02.03.2025

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன். ஹெலன் உங்களுக்கு ஒரு சொல்லும் அனுப்ப முடியாமல் தவித்தா, உங்கள் வீட்டுப் பக்கம் வர நான்தான் வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தைப் பூசைக்குப் போகும் வழியில், டிராம் தரிப்பில், உங்கள் கையில் தருவா.

அந்த வியாழக்கிழமையே மார்கரெட் என்னைத் தன் தங்கையின் ஆட்டுப் பண்ணைக்கு அனுப்பிவிட்டா. பதினைந்து நாள் அங்கே இருந்தேன். சனிக்கிழமை முழுவதும் மார்கரெட் ஜன்னலடியில் இருந்து சல்லிக்கல்லில் வந்த கார்களை எண்ணினாவாம். ஏழு கார். ஆறு காரில் வந்தவர்கள் இறங்கி அறையோ சாப்பாடோ கேட்டார்கள். ஏழாவது கார், சாம்பல் நிறமோ வெள்ளையோ, மழையில் சரியாகத் தெரியவில்லை, வாசல் வரை வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அது வழி தவறி வந்த யாரோவாக இருக்கலாம் என்கிறார் ஜோன். இருக்கலாம். அதன்பிறகு ஒருவரும் வரவில்லை.

இப்போது நீதிமன்றக் கட்டளை கிடைத்திருக்கிறது. அவர் என்னை நெருங்கினால் பொலிஸ் பிடிக்கும். குரோய்டனிலிருந்து மறுமொழி இன்னும் இல்லை, ஆனால் அது வரும்வரை என்னைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று சட்டத்தரணி சொல்லுகிறா. நான் முந்தநாள் நாலாம் அறைக்குத் திரும்பி வந்தேன். நடைக்குப் போக இன்னும் துணிவில்லை.

நீங்கள் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னதைக் கடிதத்தில் வாசித்தேன். அம்மம்மா, நீங்கள் கோயிலில் எந்த வாங்கில் இருப்பீர்கள், யார் யாரிடம் என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மேலே எழுத வரவில்லை.

இனி நான் எழுதட்டுமா, விடட்டுமா?

உங்கள் கைகளை முத்தி செய்யும்
ஷெறோன்

*

இயேசு மரி சூசை துணை

மிச்சம்
15.03.2025

என் உயிர்ப் பிள்ளைக்கு,

நீ சுகம் என்று வாசித்ததே என் சுகம். தவக்காலம், ஒருசந்தி இருக்கிறேன். முழங்கால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியே போகும்போது கொஞ்சம் நொண்டுகிறேன். குழாய்த் தண்ணீரால் மாறிய முழங்கால் என்று ஒருவரும் நினைக்கக்கூடாது அல்லவா. அந்த மூன்று கன்னியருக்கும் நன்றியைத் திருப்பி எடுத்த ஒரே ஆள் நான்தான். அவர்களும் ஒருவனுக்கு ஒளித்தவர்கள், கோபிக்க மாட்டார்கள். சாமியிடம் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. பாவம் என்று எனக்கு மனது சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை டிலுக்சன் எங்கே போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கார் கழுவக் கொடுத்தவன் என்று கத்தரின் ஒருநாள் கதையோடு கதையாகச் சொன்னாள். மழை நாளில் யார் கார் கழுவுவார்கள்? ஆகவே கட்டளை இருக்கிறது என்று ஜன்னலை மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமைகளில் ஓடிப்போய்ப் பார். வெங்காயம் நிற்கும்.

நீ எழுத வேண்டும். ஹெலனிடம் கொடு. நானும் எழுதுவேன், விடமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக் கடிதத்துக்கு ஒன்றை எடுத்துவிட்டு, உன் உறைகளில் மீதியிருந்த ஐந்தையும் எரித்துவிட்டேன். அவனுடைய பெருவிரல் பட்ட பிறகு அவை என் புத்தகத்துக்குள் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். எரிக்க முதல் அந்த முகவரியைப் பார்த்துப் பார்த்து, மாமியின் சமையல் குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் நாற்பது தரம் எழுதினேன். தையல் பழகுகிற மாதிரி, இது வளைவு, இது கோடு, இது புள்ளி என்று. எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் கை மறக்காது. பிறகு கொப்பித் தாளையும் எரித்தேன். இந்த உறையின் மேல் இருப்பது என் கையெழுத்து. மார்கரெட்டுக்குக் காட்டு. ஐந்தாம் வகுப்புக்காரி எழுதினது என்று சொல்.

கோயிலில் இப்போது எனக்குப் பக்கத்தில் முந்தியைப் போல வந்து இருக்கிறார்கள் இல்லை. தாளுக்கு எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் போல. பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கத்தரின் வந்தாள். பக்கத்தில் டிலுக்சனும் நின்றான். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள்:

"என்ன றஜீனா அக்கா, பேத்தியிட்டையிருந்து இன்னும் ஒரு கடிதமும் இல்லையோ?"

உன் கடிதம் என் சட்டைக்குள், நெஞ்சோடு கிடந்தது. அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால்தான் ஹெலன் தந்தவ. மூச்சு விடும்போது தாள் சரசரத்தது. அவர்களுக்குக் கேட்கிறதோ என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"இல்லைப் பிள்ளை. அவளுக்கு என்னை ஞாபகமே இல்லை."

அம்மம்மா
றஜீனா